பீர் கேன் கோழி சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹூஸ்டன் புறநகரில் எங்கள் தெரு முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலம் புகைவாசம்தான். பாதி பீர் உள்ள கேன்மேல் முழுக்கோழியை உட்காரவைத்து, மூடிபோட்ட கிரில்லில் மரப்புகை கொடுத்துச் சுடுவது இங்கே கொல்லைப்புறச் சமையலில் ரொம்பப் பழகிய ஒன்று. நானும் பல வருடமாகச் செய்கிறேன். அதனாலேயே நண்பர்கள் வீட்டில் கோழி தகராறு செய்தால் போன் எனக்கு வரும். "அக்கா, ஒன்றரை மணி நேரமாச்சு, தொடையில இன்னும் ரத்தம் கசியுது." "அக்கா, தோல் ரப்பர் மாதிரி இழுக்குது." கேள்விகள் திரும்பத் திரும்ப அதே பத்துப் பன்னிரண்டுதான். ஒவ்வொன்றுக்கும் நான் போனில் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். உங்கள் கோழிக்கு என்ன அறிகுறியோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

நான் மனதில் வைத்திருக்கும் அமைப்பு இது: 22 அங்குலக் கெட்டில் கரி கிரில் (உருண்டையாக, மூடியோடு வருவது), அல்லது மூன்று பர்னர் கேஸ் கிரில். கோழி 4 பவுண்டு, அதாவது 1.8 கிலோ. நெருப்பு இரண்டு ஓரங்களில், நடுவில் கொழுப்பு சொட்ட ஓர் அலுமினிய டிரே, அதற்கு மேலே கோழி. கிரில் சூடு 325 முதல் 350 டிகிரி, நேரம் 75 முதல் 90 நிமிடம். இங்கே கிரில்களில் எல்லாம் ஃபாரன்ஹீட்தான் என்பதால் நானும் அதிலேயே சொல்கிறேன். ஒரே ஓர் எண்ணை மட்டும் இரண்டிலும் நினைவில் வையுங்கள்: கோழிக்கறி உள்ளே 165 டிகிரி, செல்சியஸில் 74. அதற்குக் கீழே இருந்தால் யாருக்கும் பரிமாறக் கூடாது.

## எதையும் தொடுவதற்கு முன்: தெர்மாமீட்டர்

எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். கிரில் மூடியில் பதித்திருக்கும் வட்ட டயலை நம்பிச் சமைத்திருப்பார்கள். அது மூடியின் உச்சிச் சூட்டைக் காட்டுகிறது, கோழி உட்கார்ந்திருப்பதோ கீழே. 50 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம்.

குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். அதையும் சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பத் தண்ணீர் ஊற்றி, ஊசியை நடுவில் பிடித்தால் 32 காட்டவேண்டும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில், கடல்மட்டத்துக்கு அருகே இருக்கும் ஊர்களில், 212. இரண்டு மூன்று டிகிரி பிசகினால் பரவாயில்லை. பத்து டிகிரி பிசகினால் பேட்டரி மாற்றுங்கள், அப்போதும் பிசகினால் தெர்மாமீட்டரை மாற்றுங்கள்.

குத்தும் இடம் முக்கியம். தொடையும் உடம்பும் சேரும் இடுக்கில், எலும்பில் படாமல் குத்துங்கள். அப்புறம் மார்பின் தடித்த பகுதியில். பீர் கேன் கோழிக்கு மட்டும் மூன்றாவது இடம் ஒன்று உண்டு: மார்புக்குள் ஆழமாக, வயிற்றுக்குழிச் சுவரை ஒட்டி. கடைசியாக வேகும் இடங்களில் அது ஒன்று. ஏன் என்று கீழே வரும்.

## கிரில்லுக்குள் தீ எழும்பிவிட்டது

இதைத் தேடி வந்தவர்களுக்கு நேரமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிவது கோழிக்கொழுப்பு. தண்ணீர் பட்டால் நெருப்போடு சேர்ந்து வெளியே தெறிக்கும். கரி கிரில்லாக இருந்தால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் உள்ள காற்றுத்துளைகளை முழுக்க அடையுங்கள். கேஸ் கிரில்லாக இருந்தால், கை போகும் தூரத்தில் ஆபத்தில்லை என்றால் மட்டும் பர்னர்களையும் சிலிண்டரையும் மூடுங்கள். சின்னத் தீ என்றால் சமையல் சோடாவை அள்ளிக் கொட்டலாம்.

மூடியும் அடங்கவில்லை, தீ வேலியையோ வீட்டுச் சுவரையோ நக்குகிறது, அல்லது சிலிண்டர் பக்கம் போகிறது என்றால் எல்லோரையும் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு 911. கோழியைக் காப்பாற்றக் கை நீட்டாதீர்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் போன தடவைக் கொழுப்பு. கேஸ் கிரில்லுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் தட்டை ஒவ்வொரு முறையும் காலி செய்யுங்கள். கிரில் எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி, கூரையில்லாத இடத்தில் இருக்கட்டும். மழை வருகிறதே என்று கராஜுக்குள் இழுக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும், அதற்கு வாசனை கிடையாது.

## நேரம் முடிந்தது, உள்ளே வேகவில்லை

முதலில் எது பின்தங்குகிறது என்று பாருங்கள். கிரில்லா, கோழியா? தட்டுமட்டத்தில், கோழிக்குப் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

### கரி கிரில், சூடு 300க்குக் கீழேயே நிற்கிறது

செலவில்லாத காரணம் மூடி. பார்க்கப் பார்க்க வேகாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு மொத்தமாக வெளியே போய்விடும், திரும்ப ஏறப் பத்து நிமிடம் ஆகும். முதல் முக்கால் மணி நேரம் கை வைக்காதீர்கள்.

அடுத்து காற்று. மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், சூட்டைக் கூட்டிக் குறைப்பது கீழ்த்துளையில்தான். கீழ்த்துளையைத் திறந்தும் சூடு ஏறவில்லையா? சாம்பல் அடைத்திருக்கும். பிரிக்கெட் கரி நிறையச் சாம்பல் விடும். கெட்டிலின் அடியில் சாம்பலைத் தள்ளும் துடுப்பின் பிடியை நாலு தடவை அசைத்துச் சாம்பலைக் கீழே தள்ளுங்கள், ஐந்து நிமிடத்தில் கங்கு சிவக்கும்.

மூன்றாவது, கரி போதவில்லை. பக்கத்துக்கு 25 கட்டியில் தொடங்குங்கள், மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கத்துக்கு 8 கட்டி சேருங்கள். ஹூஸ்டன் ஈரக்காற்றில் வாய் திறந்து கிடந்த கரிமூட்டை நமத்துப்போகும். பற்ற மறுக்கும், பற்றினாலும் சூடு வராது. அதைக் காயவைத்துப் போராடாமல் புது மூட்டை வாங்குங்கள்.

### கேஸ் கிரில், எவ்வளவு திருகினாலும் 250ஐத் தாண்டவில்லை

புது கிரில் வாங்கப்போகிறேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். சரியாக ஒரு நிமிட வேலை அது. சிலிண்டர் வால்வைச் சட்டென்று முழுசாகத் திறந்தால், எங்கோ கசிவு என்று நினைத்து ரெகுலேட்டர் கேஸைச் சுருக்கிவிடும். பர்னர் எரியும், ஆனால் கோழைத் தீ. பர்னரைத் திறந்துவைத்துவிட்டுச் சிலிண்டரைத் திறந்தாலும் இப்படித்தான் ஆகும்.

சரிசெய்வது இப்படி: எல்லா பர்னர்களையும் மூடுங்கள், சிலிண்டரை மூடுங்கள், குழாயைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி மாட்டுங்கள். கிரில் மூடியைத் திறந்துவைத்துவிட்டு, சிலிண்டர் வால்வைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மெதுவாகத் திறந்து, அப்புறம் பர்னரைப் பற்றவையுங்கள். பத்தில் எட்டுத் தடவை இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? சிலிண்டரைக் குளியலறைத் தராசில் வையுங்கள். அதன் கழுத்துப்பட்டையில் டி.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் காலி எடை அடித்திருக்கும், வழக்கமான சிலிண்டரில் 17 பவுண்டு சொச்சம். தராசு அதையே காட்டினால் கேஸ் தீர்ந்துவிட்டது. எடை இருந்தும் தீ மஞ்சளாக, சோம்பலாக எரிந்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். எல்லாவற்றையும் மூடி, ஆறவிட்டு, குழாயைக் கழற்றி, நீளமான பிரஷ் விட்டுத் துடையுங்கள்.

ஆளைக் கூப்பிடவேண்டிய இடம் இதுதான்: பர்னர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், ரெகுலேட்டரை மாற்றியும் பலனில்லை என்றால், சோப்புத் தண்ணீர் தடவிய இணைப்பில் இறுக்கிய பிறகும் குமிழி வந்தால். அழுகிய முட்டை வாசம் அடித்து, சிலிண்டரை மூடிய பிறகும் போகவில்லை என்றால் எதையும் பற்றவைக்காமல் தள்ளிப்போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

### கிரில் 340ல் இருக்கிறது, கோழி மட்டும் 130லேயே நிற்கிறது

இங்கேதான் கேன் வருகிறது. பிரிட்ஜிலிருந்து எடுத்த பீரை அப்படியே கோழியின் வயிற்றுக்குள் செருகினால், ஒரு குளிர்ந்த கல்லை உள்ளே வைத்த மாதிரி. குழிக்குள் சூடான காற்றும் போகாது. வெளியே பொன்னிறமாகும்போது உள்ளே பச்சையாகவே நிற்கும்.

முக்கால் கேன் நிறையப் பீர் இருந்தால் காரணம் அதுதான். வெப்பக் கையுறை போட்டு, கோழியை நிமிர்த்தித் தூக்கி, இன்னொருவர் இடுக்கியால் கேனைக் கீழே இழுக்கட்டும். அப்புறம் கோழியை மல்லாத்திப் படுக்கவைத்து, டிரேக்கு மேலேயே மூடிபோட்டு முடியுங்கள். விருந்தாளிகள் வாசலில் நிற்கிறார்கள் என்றால் 375 டிகிரி ஓவனுக்கு மாற்றுவதில் வெட்கமே இல்லை, புகை ஏற்கெனவே ஏறிவிட்டது.

கேனில் கால்வாசிதான் பீர், அதுவும் வெளியே வைத்த பீர் என்றால், கோழி முழுக்க உருகியிருக்காது. நெஞ்சுக்கூட்டின் உள்பக்கம் ஐஸ் தட்டுப்பட்ட கோழியைப் புகையூட்டவே கூடாது. ஆபத்தான 40 முதல் 140 டிகிரிக்குள் அது ரொம்ப நேரம் கிடக்கும். 4 பவுண்டு கோழிக்கு பிரிட்ஜில் முழுசாக ஒரு நாள் கொடுங்கள். மறந்துவிட்டால், கசியாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, உருகியதும் உடனே சமைத்துவிடுங்கள்.

## தோல் ரப்பர் மாதிரி வருகிறது

அடிக்கடி வரும் புகார் இது. எனக்கும் இதில்தான் அதிக நாள் பிடித்தது.

### கிரில் சூடு 275க்குக் கீழே இருந்தது

மாட்டு பிரிஸ்கெட்டுக்கு, அதாவது மார்புக்கறிக்குச் சொல்லும் 225 டிகிரியைக் கோழிக்கும் வைத்திருப்பீர்கள். பிரிஸ்கெட்டுக்கு நிதானம் வேண்டும், கோழிக்கு வேண்டாம். அந்தச் சூட்டில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு சரியாக உருகாது, தோல் வெந்து சவ்வாகிவிடும். 325க்குக் குறையாமல் வையுங்கள். இப்போதே தட்டில் ரப்பர்த் தோலோடு நிற்கிறீர்கள் என்றால், கோழியை நாலாக வெட்டி, தோல் பக்கம் கீழே இருக்க நேர் நெருப்பின்மேல் இரண்டு மூன்று நிமிடம், பக்கத்திலேயே நின்று திருப்புங்கள்.

### சூடு சரியாகத்தான் இருந்தது

அப்படியானால் தோல் ஈரமாக இருந்திருக்கிறது. நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் அடுப்பில் ஏற்ற மனம் வராது. இங்கே பாக்கெட்டில் வரும் கோழிக்கு அது தேவையில்லை, தெறிக்கும் தண்ணீர் கிருமியைச் சிங்க் முழுக்கப் பரப்பும் என்று அமெரிக்க வேளாண் துறையே கழுவவேண்டாம் என்கிறது. பேப்பர் டவலால் உள்ளும் வெளியும் ஒற்றி எடுத்தால் போதும்.

தயிர் மசாலா இன்னொரு காரணம். தந்தூரிக்குத் தயிர் அருமை, ஆனால் அது தோலுரித்த கோழிக்கானது. தோலோடு சுடும் கோழிக்குமேல் தயிர் பூசினால் தோல் கடைசிவரை மொறுமொறுப்பாகாது. மசாலாவைத் தோலுக்கு அடியில், விரலால் தோலைத் தளர்த்தி, கறிமேல் தடவுங்கள்.

தோலுக்கு வெளியே உப்பு மட்டும் போதும். கோழி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 1.8 கிலோவுக்கு 18 கிராம். கூடவே ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சமையல் சோடா அல்ல, அது சோப்பு மாதிரி ருசிக்கும். தடவி, மூடாமல் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்தால் காலையில் தோல் காகிதம் மாதிரி காய்ந்திருக்கும். அந்தக் கோழி எனக்கு ஒரு தடவைகூட ரப்பராக வந்ததில்லை.

வெந்த பிறகு ஃபாயிலால் இறுக்கி மூடியிருந்தாலும் தோல் நீராவியில் நமத்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் திறந்தபடியே ஆறவிடுங்கள்.

## கசக்கிறது, நாக்கு மரத்துப்போகிறது

புகையின் நிறத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளையாகத் திரண்டு, கண்ணைக் கரித்துக்கொண்டு வந்ததா? அது மரம் சரியாக எரியாமல் புழுங்கிய புகை, கசப்பு அதில்தான் இருக்கிறது. நல்ல புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, லேசான நீலமாக ஓடும். மேல் துளையை முழுக்கத் திறங்கள். மரத்துண்டுகளைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், ஊறிய கட்டை காயும்வரை புழுங்கத்தான் செய்யும். மரம் பற்றி, முதல் வெள்ளைப் புகை அடங்கிய பிறகே கோழியை ஏற்றுங்கள்.

அளவும் காரணமாகலாம். கோழி புகையை வேகமாக இழுத்துக்கொள்ளும், கைப்பிடி அளவில் இரண்டு கட்டைகள் போதும். மெஸ்கீட் மரம் கோழிக்கு மிகவும் காட்டம். ஆப்பிள், செர்ரி, பீக்கன் எல்லாம் சாது. பீக்கன் டெக்சாஸின் மாநில மரம், 1919 முதல், எங்கள் தெருவிலேயே நாலு நிற்கின்றன. கீழே விழுந்த கிளையை ஒரு வருடம் காயவைத்து நான் பயன்படுத்துகிறேன். பைன், சீடர், பெயின்ட் அடித்த பலகை, மருந்து ஏற்றிய வேலிக்கட்டை எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது.

பெட்ரோல் வாடை கலந்த கசப்பு என்றால் கரி பற்றவைக்கும் திரவம். சிம்னி ஸ்டார்ட்டர், அதாவது கரி பற்றவைக்கும் தகர உருளை ஒன்று வாங்கி, அடியில் இரண்டு செய்தித்தாள் கசக்கி வைத்துப் பற்றவையுங்கள். மேலே உள்ள கரி வரை சாம்பல் பூக்க 15, 20 நிமிடம் ஆகும்.

கறி நன்றாக இருந்து, தோல் மட்டும் கசந்தால் மிளகாய்த்தூள் கருகியிருக்கிறது. தோலை உரித்துவிட்டுச் சாப்பிடலாம்.

## வெளியே கறுப்பு, உள்ளே பச்சை

நெருப்பு கோழிக்கு நேர் கீழே வந்துவிட்டது. கரியை இரு ஓரங்களுக்கும் ஒதுக்குங்கள், கேஸ் என்றால் நடு பர்னரை அணையுங்கள். இறக்கை நுனி மட்டும் கருகினால் அதை முதுகுப் பக்கம் மடக்கிச் செருகுங்கள், அல்லது ஃபாயில் சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுத்தால் அரை மணிக்கு ஒரு தடவை கோழியைப் பாதிச் சுற்று திருப்புங்கள்.

தேன், பழுப்புச் சர்க்கரை, பாட்டில் பார்பெக்யூ சாஸ் எல்லாம் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான்.

## கோழி சாய்கிறது, கேன் கவிழ்கிறது

கோழி கேன்மேல் மட்டும் நிற்பதில்லை. இரண்டு கால்களையும் முன்னால் மடித்தால் கேனோடு சேர்த்து அடுப்பின் மூன்று குமிழ் மாதிரி நிற்கும். கால்கள் தட்டைத் தொடவில்லை என்றால் கேனை இன்னும் உள்ளே தள்ளுங்கள். 5, 6 பவுண்டு கோழி மூடியில் இடிக்கும், இடிப்பது சாயவும் செய்யும், கருகவும் செய்யும். 4 பவுண்டோடு நில்லுங்கள்.

அதற்கும் சாய்ந்தால் பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் எவர்சில்வர் தாங்கி வாங்குவதே நல்லது. எனக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. பீர் கேன் குளிர்ந்த பானத்துக்காகச் செய்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூச்சும், வெளியே அச்சு மையும் இருக்கும். ஒன்றரை மணி நேரம் அடுப்பில் நிற்பதற்காக அதை யாரும் செய்யவில்லை. குழந்தைகள் சாப்பிடும் கோழிக்குள் அதை வைக்க எனக்கு மனமில்லை.

கேனையே பயன்படுத்துகிறீர்கள் என்றால் கட்டாயம் திறந்த கேன். திறக்காத கேன் சூட்டில் வெடிக்கும்.

இறக்கும்போதுதான் பெரும்பாலும் கை சுடுகிறது. உள்ளே பீரும் கொழுப்பும் கொதிக்காவிட்டாலும் கை வெந்துபோகும் சூட்டில் இருக்கும். இரண்டு பேர் நின்று செய்யுங்கள், செருப்பில்லாத காலோடு நிற்காதீர்கள். கொட்டிவிட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிது, அல்லது முகத்திலோ விரல் மூட்டிலோ பட்டது என்றால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

## மார்பு வறண்டுவிட்டது

பீர் இருக்கிறதே, காயாது என்று விட்டிருப்பீர்கள். பீர் மார்புக்கறியைக் காப்பாற்றாது. மார்பு 165ஐத் தொட்டதும் இறக்க வேண்டும். தொடைக்கு 175, 180 இருந்தால்தான் ருசி, அதனால் தொடைகள் நெருப்புப் பக்கம் பார்க்கும்படி கோழியைத் திருப்பிவையுங்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும்.

வறண்டதை என்ன செய்வது? பிய்த்து, டிரேயில் விழுந்த சாற்றோடு கிளறுங்கள். கொத்து பரோட்டாவுக்கு இதைவிட நல்ல கறி கிடைக்காது.

## வெந்தும் மெல்ல முடியவில்லை

நாட்டுக்கோழி ருசிக்காக நம்மவர்கள் இங்கே தேடி வாங்கும் முட்டைக்கோழியை, லேபிளில் ஸ்டூயிங் ஹென் என்று போட்டிருக்கும், கிரில்லில் ஏற்றியிருப்பீர்கள். அது வயதான கோழி, குழம்புக்கானது. துண்டு போட்டு, மிளகு அரைத்துவிட்டு, குக்கரில் வையுங்கள். புகைவாசத்தோடு அந்தக் குழம்பு அபாரமாக இருக்கும்.

## 165 காட்டுகிறது, ஆனாலும் இளஞ்சிவப்பு

மூன்று இடத்திலும் 165 என்றால் சாப்பிடலாம். மரப்புகை பட்ட கறியின் ஓரம் சிவப்பாக நிற்கும். கடைக்கோழி எல்லாம் சில வாரக் குஞ்சுகள், எலும்பு முற்றாதது, அதனால் எலும்பை ஒட்டிய கறியும் சிவந்து தெரியும். நிறத்தையும், வடியும் சாறு தெளிந்ததா என்பதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பாகத் தெரிந்த கறி 150ல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

## உப்பு கரிக்கிறது

கோழிப் பாக்கெட்டின் சின்ன எழுத்தைப் படியுங்கள். உப்புக்கரைசல் ஏற்றியது என்று இருந்தால் நீங்கள் உப்பே தடவக் கூடாது. கோஷர் கோழியும், அதாவது யூத உணவு முறைப்படி தயாரித்ததும், ஏற்கெனவே உப்பிட்டதுதான்.

இரண்டாவது காரணம் கரண்டி. அமெரிக்கச் சமையல் குறிப்பில் ஒரு கரண்டி கோஷர் உப்பு என்றால் அது பொரபொரப்பான கல் உப்பு. அதே கரண்டியில் தூள் உப்பு போட்டால் எடை இரு மடங்குவரை ஆகும். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

## பீர் வாசமே இல்லை

வராது. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. சமைக்கும் முன்னும் பின்னும் கேனைத் தராசில் வைத்துப் பார்த்தேன், எடை குறையவே இல்லை. ஒரு தடவை கொழுப்பு சொட்டிக் கூடியிருந்தது. கோழி 165க்கு வந்ததும் நாம் இறக்கிவிடுகிறோம், அதன் வயிற்றுக்குள் கவசம் போட்டு உட்கார்ந்திருக்கும் பீர் கொதித்து ஆவியாக நேரமே இல்லை.

பீர் ருசி வேண்டுமென்றால் வெளியே கொடுங்கள். ஒரு கேன் பீரைச் சட்டியில் மூன்றில் ஒரு பங்காக வற்றவிட்டு, இரண்டு கரண்டி வெண்ணெய், நசுக்கிய பூண்டு, ஒரு கரண்டி தேன் சேர்த்துக் கடைசிப் பத்து நிமிடம் இரண்டு தடவை தடவுங்கள். கசப்பான ஐ.பி.ஏ. வகை வற்றும்போது இன்னும் கசக்கும், வேண்டாம். மால்ட் ருசி தூக்கலான பீர் எடுங்கள். நான் எடுப்பது ஷைனர் பாக். டெக்சாஸில் ஷைனர் என்ற சிற்றூரில் 1909 முதல் பீர் வடிக்கிறார்கள்.

பீர் சேராத வீடுகளில் எவர்சில்வர் தாங்கியை வெறுமனே வையுங்கள். கோழி நிற்பதிலும், தோல் எல்லாப் பக்கமும் மொறுமொறுப்பாவதிலும் ஒரு குறையும் வராது. அப்படி நான் செய்து கொடுத்த கோழியில் யாரும் வித்தியாசம் கண்டதில்லை.

## சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லை

மீந்த கோழி இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜுக்குப் போகவேண்டும், வெளியே 90 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். ஹூஸ்டன் ஜூலையில் மேசைமேல் மாலை முழுக்கக் கிடந்த கோழியை முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

கோழியால் வரும் கிருமி உடனே காட்டாது. கேம்பைலோபாக்டர் இரண்டிலிருந்து ஐந்து நாள் எடுக்கும், சனிக்கிழமை சாப்பிட்டது புதன்கிழமை காட்டலாம். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேல் பேதி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அப்பா அம்மா என்றால் இவ்வளவு காத்திருக்கவே வேண்டாம்.

வயிற்றுக்கோளாறு இல்லாமல், விழுங்கும்போது தொண்டையில் முள் குத்துவதுபோல் இருந்தால் அது கோழி எலும்பாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கம்பி பிரஷ்ஷால் கிரில் தட்டைத் தேய்த்திருந்தால் ஒரு கம்பி உதிர்ந்து கறியில் ஒட்டியிருக்கலாம். சோற்று உருண்டை விழுங்கித் தள்ளப் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், கம்பி பிரஷ் பயன்படுத்தியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.